கேச்சை அழிப்பதை நிறுத்துங்கள்: பில்ட் சேவையகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பில்ட் சேவையகக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

எமது லினக்ஸ் வழங்கலின் (பாடசாலைகளில் நிறுவும் இயங்குதளத் தொகுப்பின்) இரவு பில்ட்டை, அதாவது மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் அன்றாட வேலையை நிறுத்திவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை மட்டும் சோதனைப் படிமம் (கணினியில் நிறுவத்தக்க முழுக் கோப்பு) வெளியிடுவது என்று நீங்கள் எடுத்த தீர்மானத்தை மீள்பரிசீலனை செய்யுமாறு கோரி இந்த மடலை எழுதுகிறேன். இரவில் தொடங்கும் பில்ட் மறுநாள் பாடசாலை விடும் நேரத்திலும் முடிவதில்லை, ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது நீங்கள் தந்த காரணம். அதே அறிவித்தலின் இறுதியில், நிரந்தரத் தீர்வாக இன்னும் பெரிய சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதற்குப் புலம்பெயர்ந்த உறவுகளிடம் நிதி சேர்க்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பில்ட் மெதுவாக நடக்கிறது என்பது உண்மை. இயந்திரம் போதாது என்று நீங்கள் சொல்லும் காரணம் பிழையானது. செய்து முடித்த வேலையைக் கேச்சில், அதாவது மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் சேமிப்பில், வைத்துக்கொள்ளாமல் ஒவ்வோர் இரவும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்வதால்தான் நேரம் போகிறது. இதை உங்கள் சேவையகங்களே வெளியிடும் பதிவுக் கோப்புகளிலிருந்து காட்ட முடியும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வழங்கலின் தமிழ் உள்ளீட்டுப் பொதிகளையும் எழுத்துருப் பொதிகளையும் (பொதி என்பது நிறுவத்தக்க ஒரு மென்பொருள் தொகுதி) பராமரிக்கும் தன்னார்வலர். தீவகத்திலும் வடமராட்சியிலும் உள்ள சில பாடசாலைகளின் கணினிக் கூடங்களில் இதை நிறுவி, ஆசிரியர்கள் சொல்லும் வழுக்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையின் பெரும்பகுதி. மாதாந்தப் படிமம் என்றால் என்ன என்பதை அந்தக் கூடங்களிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். ரங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் ஒரு விசை தவறான எழுத்தைத் தருகிறது என்று நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியர் அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் ஒரு வரிதான். இரவு பில்ட் இருந்த காலத்தில் அன்றிரவே அது படிமத்தில் சேர்ந்துவிடும். பட்டணத்துக்கு வரும் யாராவது ஒருவர் பென் டிறைவில் எடுத்துக்கொண்டு குறிகட்டுவானில் படகேறிவிடுவார். இனி அந்த ஒரு வரிக்காக அவர் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாதப் படிமத்தில் வேறொரு பொதி உடைந்திருந்தால் இரண்டு மாதம். ஒரு தவணையே மூன்று மாத அளவில் முடிந்துவிடும் பாடசாலைக்கு இது திருத்தமே இல்லை என்பதற்குச் சமம். பில்ட்டுகளுக்கு இடையே ஒரு மாத இடைவெளி விழுந்தால், படிமம் உடையும்போது அந்த மாதத்தில் சேர்ந்த மாற்றங்களில் எது உடைத்தது என்று தேடுவதற்கே பல நாள் போகும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

பதிவுக் கோப்புகளுக்கு வருகிறேன். அவற்றை வரிவரியாக வாசித்ததில் நேரம் போகும் இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வொரு பொதியைக் கட்டுவதற்கும் டெப்பூட்ஸ்ட்ராப் என்ற கருவி புதிதாக ஒரு குரூட்டை, அதாவது கட்டும் வேலைக்கான தனித்த சிறு இயங்குதள அடைவை, உருவாக்குகிறது. அதற்குத் தேவையான அடிப்படைப் பொதிகள் அனைத்தும் ஒவ்வொரு முறையும் கடல் கடந்து ஒரு வெளிநாட்டு மிரரிலிருந்து (களஞ்சியத்தின் நகல் சேவையகத்திலிருந்து) இறங்குகின்றன. பிறகு அந்தப் பொதியைக் கட்டத் தேவையான பொதிகளும் அதே வழியில் இறங்குகின்றன. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியும் சி நூலகமும் ஒரே இரவில் எத்தனை தரம் இறங்கியிருக்கின்றன என்பதை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

இதற்கான மருந்து, எமது வழங்கலுக்கு அடிப்படையான டெபியனின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஏப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இடைநிலைச் சேவையை நிறுவி, டெப்பூட்ஸ்ட்ராப்புக்கும், குரூட்டுகளில் பொதிகளை இறக்கி நிறுவும் ஏப்ட்டுக்கும் அதன் முகவரியை 3142 என்ற துறை எண்ணோடு கொடுத்தால், ஒரு பொதி ஒரு தரம்தான் வெளியிலிருந்து இறங்கும். அதன்பின் வட்டிலிருந்து வரும். காலாவதியான கோப்புகளை அதுவே அன்றாடம் களைந்துவிடும். இதில் பாதுகாப்புப் பற்றிய தயக்கத்துக்கும் இடமில்லை. டெபியனின் வெளியீட்டுக் கோப்பு டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்டது. பொதிப் பட்டியல்களின் ஹாஷ்கள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்கள்) அதில் இருக்கின்றன, ஒவ்வொரு பொதியின் ஹாஷும் அந்தப் பட்டியல்களில் இருக்கிறது. இடையில் இருக்கும் கேச் ஒரு பிட்டை மாற்றினாலும் ஏப்ட் அதை ஏற்காது. அரை நாளில் முடியும் இந்த வேலை இன்றுவரை ஏன் நடக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

நேரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது தொகுத்தல். இங்கேதான் என் முக்கியமான முறைப்பாடு இருக்கிறது. லிப்ரேஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நாம் ஏன் மறுபடி கட்டுகிறோம்? தமிழ் மொழிபெயர்ப்புத் திருத்தங்களையும் இயல்பு எழுத்துரு மாற்றத்தையும் அதில் சேர்க்கிறோம் என்பதற்காக. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு சொல் மாறினால் சி++ மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனாலும் உங்கள் சேவையகம் பல மில்லியன் வரி கொண்ட அந்த மூலநிரல் முழுவதையும் அன்றிரவு மறுபடி தொகுக்கிறது. அடுத்த இரவு எதுவுமே மாறாவிட்டாலும் அதையே திரும்பச் செய்கிறது. வறுத்து அரித்து வைத்த மாவை ஒவ்வோர் இரவும் கொட்டிவிட்டு, விடியப் பிட்டு அவிக்கத் தாமதமாகிறது என்று அடுப்பைக் குறைசொல்வது போன்றது இது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு 2002 முதல் இருக்கிறது. சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை உருவாக்கிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அந்த ஆண்டில் எழுதிய சிகேச் என்ற கருவி, மூலநிரல், தொகுப்பிக்குக் கொடுத்த விருப்பங்கள், தொகுப்பியின் அடையாளம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு ஹாஷைக் கணிக்கிறது. அதே ஹாஷுக்கு முன்னரே ஒரு பொருட்கோப்பு (தொகுப்பியின் விளைவு) இருந்தால் தொகுப்பியை ஓடவிடாமல் அதையே எடுத்துக் கொடுக்கிறது. 2010இல் வந்த 3.0 பதிப்பு முதல், தொகுத்தலுக்கு முன் மூலநிரலை விரித்துத் தரும் முன்செயலியைக்கூட ஓட்டாமல் தலைப்புக் கோப்புகளின் ஹாஷ்களைக் கொண்டே பொருத்தம் பார்க்கும் நேரடி முறையும் இருக்கிறது. 2020இல் வந்த 4.0 பதிப்பு, சேமிப்பவற்றை ஸெட்ஸ்டாண்டர்ட் முறையில் தானாகவே சுருக்கிவைக்கிறது. எமது வழங்கல் டெபியனின் நிலைப் பதிப்பின்மேல் கட்டப்பட்டது. நிலைப் பதிப்பில் தொகுப்பி அநேகமாக மாறுவதே இல்லை. தொகுப்பி மாறாத இடத்தில் இந்தக் கருவி தன் முழுப் பயனையும் தரும்.

"சிகேச்சைப் போட்டுப் பார்த்தோம், பயனில்லை" என்று முன்னைய கலந்துரையாடல் ஒன்றில் உங்கள் தரப்பிலிருந்து பதில் வந்தது. அந்தப் பரிசோதனையின் பதிவுக் கோப்பையும் வாசித்தேன்; அதே அமைப்பை என் வீட்டிலுள்ள பழைய கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். பயனில்லாமல் போனதற்கான காரணங்கள் அங்கேயே கிடக்கின்றன.

பொதிகளைக் குரூட்டுக்குள் கட்டும் கருவியான எஸ்பில்ட், தான் கட்டும் பொதிக்கு வீட்டு அடைவாக வேண்டுமென்றே இல்லாத ஓர் அடைவைக் காட்டுகிறது. வெளியிலிருந்து வரும் சூழல் மாறிகளில் பெரும்பாலானவற்றையும் வடிகட்டிவிடுகிறது. ஆகவே கேச் எங்கே இருக்க வேண்டும் என்பதை எஸ்பில்ட்டின் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பரிசோதனையில் அது குரூட்டின் உள்ளேயே ஓர் அடைவாகக் கொடுக்கப்பட்டிருந்தது. பில்ட் முடிந்ததும் குரூட் அழிந்தது. அதோடு கேச்சும் அழிந்தது. அதைக் குரூட்டுக்கு வெளியே வைத்து, குரூட்டுகளை நிர்வகிக்கும் ஸ்குரூட்டின் ஏற்றப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து உள்ளே காட்டியிருந்தால் அடுத்த இரவுக்கும் அது எஞ்சியிருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. இதைக் கவனிக்காமல் விட்டதற்கு உங்களைக் கடுமையாகக் குறைசொல்ல மாட்டேன். எஸ்பில்ட் ஒவ்வொரு முறையும் பொதியின் பெயரோடு எழுந்தமானமான சில எழுத்துகளைச் சேர்த்து ஒரு புதிய அடைவில் மூலநிரலைப் பிரிக்கிறது. பிழைதிருத்தத் தகவலோடு தொகுக்கும்போது அந்த அடைவின் பாதையும் பொருட்கோப்புக்குள் போகக்கூடும் என்பதால் சிகேச் அதையும் ஹாஷில் சேர்க்கிறது. பாதை நாளுக்கு நாள் மாறினால் ஹாஷும் மாறும். கேச் நிறைந்திருந்தும் ஒன்றும் பொருந்தாது. பில்ட் பாதையை நிலையான ஒன்றாகக் குறிக்கும் விருப்பம் எஸ்பில்ட்டிலேயே உண்டு. அதை இட்டதும் என் கணினியில் பொருத்தங்கள் வரத் தொடங்கின.

அடுத்தது அளவு. சிகேச்சின் இயல்பு உச்ச அளவு 5 ஜிகாபைற்று. சிறு மென்பொருள் ஒன்றுக்கு அது தாராளம். லிப்ரேஓபிஸும் லினக்ஸ் கருவும் உலாவியும் ஒரே கேச்சில் வரிசையாக வந்தால், மூன்றாவது உள்ளே வரும்போது முதலாவது வெளியே தள்ளப்படும். மறுநாள் இரவு முதலாவது வரும்போது அதற்குரியது எதுவும் அங்கே இராது. பரிசோதனையை ஓர் இரவு மட்டும் நடத்தி முடித்ததையும் சொல்ல வேண்டும். வெற்றுக் கேச்சோடு நடக்கும் முதல் பில்ட், கேச் இல்லாத பில்ட்டைவிடச் சற்று மெதுவாகவே நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கோப்பையும் தொகுத்ததோடு சேமிக்கவும் வேண்டியிருக்கிறது. பயன் தெரிவது இரண்டாவது இரவிலிருந்துதான். நீங்கள் இரண்டாவது இரவுக்குப் போகவே இல்லை.

எல்லாவற்றையும் சிகேச் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பொருட்கோப்புகளை ஒன்றாக்கும் இணைத்தல் கட்டத்தை அது சேமிப்பதில்லை. ரஸ்ட் மொழியில் உள்ள பகுதிகளுக்கு மொசில்லா உருவாக்கிய எஸ்சிகேச்சைத்தான் நாட வேண்டும். தொகுத்த நேரத்தை நிரலுக்குள் பதிக்கும் பொதிகளில் பொருத்தம் குறையும். அப்படிப்பட்டவை டெபியனில் இப்போது மிகக் குறைவு, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: மாறாத பொதியைக் கட்டாமலே விடுவது. ஒரு பொதி எந்தெந்தப் பொதிகளின் எந்தெந்தப் பதிப்புகளை வைத்துக் கட்டப்பட்டது என்பதை டெபியனின் பில்ட்இன்போ கோப்பு பதிந்துவைக்கிறது. மூலநிரலும் அந்தப் பட்டியலும் நேற்றையது போலவே இருந்தால் நேற்றைய பொதியையே படிமத்தில் சேர்க்கலாம். உலகில் மற்றவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஓபன்சூசே என்ற லினக்ஸ் வழங்கலின் பில்ட் சேவை, சார்ந்திருக்கும் பொதி மாறினால் மட்டும் ஒன்றை மறுபடி கட்டுகிறது. கட்டிய பொதி பழையதோடு ஒத்திருந்தால் அதைச் சார்ந்தவற்றைத் தொடாமல் விடுகிறது. சாதனங்களுக்கான லினக்ஸைக் கட்டும் யொக்டோ தன் ஒவ்வொரு பணியின் விளைவையும் உள்ளீடுகளின் ஹாஷோடு சேமித்துவைக்கிறது. நிக்ஸ்ஓஎஸ் வழங்கல் உள்ளீடுகளின் ஹாஷைப் பொதியின் பாதையிலேயே வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே எல்லாவற்றையும் தொகுக்க வேண்டும் என்பதைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்த ஜென்டூ வழங்கல்கூட 2023 டிசெம்பர் இறுதியில் தொகுத்த பொதிகளை வழங்கத் தொடங்கிவிட்டது.

படிமம் ஆக்கும் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனைப் படிமத்தின் ஸ்குவாஷ்எப்எஸ் கோப்பை (முழு இயங்குதளத்தையும் சுருக்கிவைக்கும் கோப்பை) எக்ஸ்இசட் முறையில் சுருக்குகிறீர்கள். அது சிறிய கோப்பைத் தரும், ஆனால் மிக மெதுவானது. லினக்ஸ் கரு 4.14 வந்த 2017 முதல் ஸெட்ஸ்டாண்டர்ட் முறையையும் ஸ்குவாஷ்எப்எஸ் ஏற்கிறது. அன்றாடச் சோதனைக்கு அதுவே போதும். வெளியீட்டுப் படிமத்துக்கு எக்ஸ்இசட்டை வைத்துக்கொள்ளுங்கள். குரூட்டுக்குள் பொதிகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கோப்பையும் உடனுக்குடன் வட்டில் எழுதி உறுதிப்படுத்துவதும் வீண். எப்படியும் அழியப்போகும் குரூட்டுக்கு, அந்த உறுதிப்படுத்தலைத் தவிர்க்கும் ஈட்மைடேட்டா என்ற கருவி போதும்.

மின்சாரத்தைப் பற்றியும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எமது இரண்டு சேவையகங்களில் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது, அந்தச் சேவையகத்தில் தொடங்கிய நீண்ட பில்ட் எதுவும் முடியவில்லை. யூபிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரத்துக்குள் லிப்ரேஓபிஸ் முடியாது; மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து தொடங்கும்; முடிவதற்குள் அடுத்த வெட்டு வரும். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், மாரியில் ஒரு மின்கம்பி அறுந்தால் அதே கதைதான். கேச் வெளியே நிலைத்திருந்தால், தொகுத்து முடித்த ஒவ்வொரு கோப்பும் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இடையில் நின்ற பில்ட் மறுபடி தொடங்கும்போது நின்ற இடத்தை விரைவாக எட்டிவிடும். எங்கோ குளிரூட்டிய தரவு நிலையத்தில் இருக்கும் சேவையகத்துக்கு இது ஒரு வசதி மட்டுமே. யாழ்ப்பாணத்தில் இருப்பதற்கு இது அத்தியாவசியம்.

உங்கள் மறுப்புகளில் நான் மதிக்கும் ஒன்று உண்டு: கேச் என்பது நம்பிக்கையின் பலவீனமான கண்ணி, அதில் யாராவது நஞ்சு கலந்தால் அது எல்லாப் படிமங்களிலும் பரவும், அதனால்தான் ஒவ்வோர் இரவும் துடைத்து வெறுமையாகத் தொடங்குகிறோம் என்கிறீர்கள். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த, எக்ஸ்இசட் சுருக்கக் கருவியில் பின்கதவு (இரகசிய நுழைவழி) ஒளித்துவைக்கப்பட்ட விவகாரத்தையும் எடுத்துக்காட்டினீர்கள். அந்த விவகாரம் உங்கள் வாதத்துக்குத் துணைசெய்யவில்லை. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவு வெளியீட்டு மூலக்கோப்பிலேயே வந்தது. எவ்வளவு சுத்தமான சேவையகத்தில், எத்தனை தரம் துடைத்துவிட்டுக் கட்டினாலும் அது அப்படியே கட்டப்பட்டிருக்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் உள்நுழைவது ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் உருவாக்குநர் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது. அன்றாடம் கட்டி, அன்றாடம் நிறுவி, அன்றாடம் பார்க்கும் கண்கள் இருப்பதே பயனுள்ள காவல். மாதாந்தப் படிமம் அந்தக் கண்களைத்தான் மூடுகிறது.

ஆனாலும் கேச்சில் நஞ்சு கலக்கும் ஆபத்து கற்பனையானதன்று. அதற்கு ஒழுங்கான வேலி போட வேண்டும். வெளியிலிருந்து வரும் திருத்தங்களைச் சோதிக்கும் பில்ட்டுகள் கேச்சை வாசிக்க மட்டும் முடியும்படி அமைக்கலாம். அதற்கான விருப்பம் சிகேச்சில் உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட முதன்மைக் கிளையின் பில்ட் மட்டும் அதில் எழுதட்டும். வெளியீட்டுப் படிமத்தைக் கேச் எதுவுமின்றிச் சுத்தமாகக் கட்டி, கேச்சோடு கட்டியதோடு பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுங்கள். 2013 முதல் டெபியனில் நடந்துவரும் மீளுருவாக்கத்தக்க பில்ட் (ஒரே மூலநிரலிலிருந்து எப்போதும் ஒரே பொதி கிடைக்கச் செய்யும்) முயற்சியின் பயனாக இந்த ஒப்பீடு இன்று பெரும்பாலான பொதிகளுக்குச் சாத்தியம். அந்த முயற்சிதான் தொகுத்த நேரம் பொதிக்குள் புகுவதையும் பெருமளவு ஒழித்தது. இரண்டும் ஒத்திருந்தால் கேச் நேர்மையாக இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கும். ஒத்திராவிட்டால் டிப்ஒஸ்கோப் என்ற ஒப்பீட்டுக் கருவி எங்கே வேறுபாடு என்று காட்டும். இன்றைய நடைமுறையில், துடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையைத் தவிர உங்களிடம் சரிபார்க்க எதுவுமே இல்லை.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. மாதாந்தப் படிமத் தீர்மானத்தை இடைநிறுத்தி, மேற்சொன்ன அமைப்போடு இரண்டு கிழமைகள் தொடர்ச்சியாக இரவு பில்ட்டை நடத்துங்கள். ஓர் இரவில் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். இரண்டு சேவையகங்களிலும் ஏப்ட்-கேச்சர்-என்ஜியை இந்தக் கிழமையே நிறுவுங்கள். அதற்குப் பரிசோதனைக்காலமும் தேவையில்லை. சிகேச்சைக் குரூட்டுக்கு வெளியே, நிலையான பில்ட் பாதையோடு, 50 ஜிகாபைற்றுக்குக் குறையாத இடத்தோடு அமையுங்கள். வட்டில் அதைவிடப் பல மடங்கு வெற்றிடம் இருப்பதைப் பதிவுக் கோப்பே காட்டுகிறது. ஒவ்வொரு பில்ட்டின் முடிவிலும் சிகேச் தரும் பொருத்தக் கணக்கைப் பதிவுக் கோப்போடு வெளியிடுங்கள். அப்போது நான் சொல்வது பிழையென்றால் அதுவும் எல்லோருக்கும் தெரியவரும். மாறாத பொதிகளை மறுபடி கட்டாமல் விடும் ஒழுங்கு கூடுதல் வேலை என்பதை அறிவேன். அதை அடுத்த வெளியீட்டுக்கு முன்னர் செய்வதாக உறுதியளித்தால் போதும். வெளியீட்டுப் படிமத்துக்கான சுத்தமான பில்ட்டையும் ஒப்பீட்டையும் கட்டாய நடைமுறையாக எழுதிவையுங்கள்.

நிதி சேர்ப்பதை அந்த இரண்டு கிழமைகளும் முடியும்வரை தொடங்காதீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலை செய்து அனுப்பப்படும் காசு அது. அதைக் கேட்பதற்கு முன்னர், இருக்கும் இயந்திரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினோம் என்று கணக்குக் காட்டும் கடமை எமக்கு உண்டு.

தேவையான அமைப்புக் கோப்புகளை எழுதி முடித்திருக்கிறேன். களஞ்சியத்தில் மீளாய்வுக்காக ஏற்கெனவே சமர்ப்பித்தும் விட்டேன். யாழ்ப்பாணச் சேவையகத்தில் அவற்றை நிறுவுவதற்கு உங்களில் ஒருவர் உடனிருந்தால் போதும். வார இறுதி எதுவாயினும் வரத் தயாராக இருக்கிறேன். இந்தக் கோரிக்கைகளை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, ஏற்பதாயினும் மறுப்பதாயினும் ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
தமிழ் உள்ளீட்டுப் பொதிகளின் பராமரிப்பாளர்,
யாழ்ப்பாணம்.